என்ன சுவர்?

என் கடையில் ஸ்க்ரூ வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மற்ற கடைகளில் இரண்டு இன்ச் ஸ்க்ரூ ஆறு வேண்டும் என்றால் எண்ணிச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் கொடுக்க மாட்டேன். என்ன சுவர், எதை மாட்டப் போகிறீர்கள், எவ்வளவு கனம், சும்மா தொங்குமா இல்லை யாராவது பிடித்து இழுப்பார்களா என்று கேட்டு, எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகுதான் டப்பாவைத் திறப்பேன். பாஸ்போர்ட் ஆபீஸில்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை என்று ஒரு தச்சர் முனகிக்கொண்டே வெளியே போனார். போனவர் மறுநாள் திரும்பி வந்தார். பக்கத்துக் கடையில் வாங்கிய ஸ்க்ரூவோடு அலமாரி கீழே வந்துவிட்டதாம். நான் குத்திக் காட்டவில்லை. என்ன சுவர் என்று மட்டும் கேட்டேன்.

இந்தத் தெருவில் என் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. 'என்ன சுவர் அக்கா' என்றால்தான் தெரியும். என்னைவிட இரண்டு வயது மூத்த பிளம்பர்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எந்தச் சுவரில் எந்த ஆணி என்பதை என் தலையில் கட்டிவிட்டார்கள். சுவர் என்னவென்று சொல்லத் தெரியாதவர்களுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறேன். மாட்ட வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, கடைசியாக வருகிற தூளைக் காகிதத்தில் மடித்து எடுத்து வரச் சொல்வேன். வருவார்கள், மருந்துப் பொட்டலம் மாதிரி பிடித்துக்கொண்டு. மேஜைக் கண்ணாடிமேல் கொட்டி விரலால் தேய்த்துப் பார்ப்பேன். சாம்பல் நிறத்தில் மாவாக இருந்தால் கான்கிரீட். பொரபொரவென்று மணலாக இருந்தால் டிரில் இன்னும் பூச்சைத் தாண்டவில்லை. வெள்ளையாக, ஊதினால் பறந்தால் லேசுக்கல். சிவப்பாக இருந்தால் செங்கல். செங்கல் என்றால் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கலாம் போல இருக்கும். அந்த எண்ணம்தான் என்னைக் கவிழ்த்தது.

மாட்டுகிற ஆட்களுக்கு இன்னொரு சட்டமும் வைத்திருக்கிறேன். பாரம் தாங்க வேண்டிய எதையும், மாட்டியவர் தன் உடம்பைத் தொங்கவிட்டுப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்லக் கூடாது. யாருக்காவது பயமாக இருந்தால் நானே போய்த் தொங்குவேன். எழுபத்தெட்டு கிலோ. எல்லாரும் இளைக்கச் சொல்கிறார்கள், நான் இதைத் தொழில் கருவியாக வைத்திருக்கிறேன்.

இப்போது என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா. நேரில் அண்ணி என்று கூப்பிடுவேன், கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் தன் வீட்டு முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டுவதற்காக ஒரே ஒரு இரும்பு ஆணியை அடித்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். விருந்தாளிகள் முன்னால், இந்த ஆணி ஒரு வாரம் தாங்காது, யார் காலிலாவது விழப்போகிறது என்று சொல்லிவிட்டேன். உன் கடையில் வாங்காத ஆணி எல்லாம் விழுந்துவிடுமா என்று நாத்தனார் திருப்பிக் கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது. கண்ணாடி மட்டும் விழவே இல்லை. அது விழுந்திருந்தால் ஒரே மாதத்தில் சமாதானம் ஆகியிருப்போம்.

ஏன் விழவில்லை என்று யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி நேர்கீழாகத் தொங்குகிறது, ஆணியை யாரும் வெளியே இழுக்கவில்லை. தொங்குகிற பாரம் வேறு, இழுக்கிற பாரம் வேறு. இதை நாள் முழுக்க ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவள், அன்றைக்கு நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற மிதப்பில் மறந்துவிட்டேன்.

நாத்தனாரின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். எனக்கு அண்ணன், அவருக்கு நான் தங்கச்சி. எங்கள் சண்டையில் ஒரு பக்கமும் சேராமல், கடை வழியாக லாரி போனால் ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போவார். தொண்ணூற்றிரண்டு கிலோ, தூணை நட்டது போல இருப்பார். நாற்பது நாளுக்கு முன்னால் லாரிப் படியில் கால் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆஸ்பத்திரியிலேயே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். டாய்லெட்டில் உட்கார்ந்தால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் நாத்தனார் உள்ளே போய்த் தோளைக் கொடுத்துத் தூக்க வேண்டும். பிடித்து எழுந்திருக்க உறுதியான கம்பி ஒன்று சுவரில் இருந்தால் தனியாகவே போய்விட்டு வரலாம் என்றும், இன்னொரு தடவை விழுந்தால் நடப்பது சந்தேகம் என்றும் டாக்டர் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார்.

அண்ணன் என் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாராம். "வீட்டுக்கு வந்தா நான் தனியா போகணும், மாப்ள. கதவைச் சாத்திட்டுப் போகணும். அது முடியாதுன்னா நான் இங்கேயே கிடக்கிறேன்."

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்த வாரம்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் நாத்தனார் ஒரு வார்த்தை கேட்டால் போதும், கடையில் இருப்பதிலேயே நல்ல கம்பியைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். கேட்காமல் நானாகப் போவதற்குத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பதில் எங்கள் இருவருக்கும் வித்தியாசமே கிடையாது.

அன்று காலை பத்து மணிக்கு பிளம்பர் வந்தார். கடையில் நல்ல கூட்டம். ஒரு வீட்டு பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி மாட்ட வேண்டும், பிடித்து எழுந்திருக்கிற ஆள் தொண்ணூறு கிலோ இருப்பார் என்றார். என் கேள்விகள் அவருக்கு மனப்பாடம் என்பதால் கேட்கும் முன்பே பொட்டலத்தை நீட்டினார். பிரித்துக் கொட்டினேன். நல்ல சிவப்புத் தூள். விரலில் எடுத்து, சுற்றி நின்ற எல்லாருக்கும் காட்டி, இதுதான் செங்கல், இப்படித்தான் தூள் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். விரியும் ஆங்கர் போல்ட் ஆறு எடுத்து வைத்தேன். இறுக்க இறுக்க உள்ளே விரிந்து கல்லைக் கவ்விக்கொள்ளும், செங்கலுக்கு அதுதான் சரி. இதில் ஆனையைக் கட்டினாலும் அசையாது என்று வேறு சொன்னேன். யார் வீடு என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. பிளம்பரும் வாங்கியதும் வேகமாகப் போய்விட்டார்.

பன்னிரண்டரைக்கு என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். ஒரு வாரம் முன்னதாகவே இன்றைக்கு மாமாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், நாலு மணிக்குப் போய் அழைத்து வர வேண்டும் என்றார். அக்கா அவசர அவசரமாக பாத்ரூமில் கம்பிகூட மாட்ட வைத்துவிட்டார், நம்ம பிளம்பர்தான் வந்திருந்தார் என்றார். நான் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"உங்க அக்கா வீட்டு பாத்ரூம் சுவரு என்ன கல்லு?"

"உள்சுவரு எல்லாமே ஓட்டைக் கல்லுதானே. நான்தானே லாரியிலிருந்து இறக்கி அடுக்கினேன். ஒரு கல்லுல ஆறு பொந்து இருக்கும், கனமே இருக்காது."

"நிறம்?"

"செவப்பு."

ஓட்டைக் கல்லும் சுட்ட களிமண்தான். அதைத் துளைத்தாலும் சிவப்புத் தூள்தான் வரும். தூள் கல்லின் ஜாதகத்தைச் சொல்லுமே தவிர, உள்ளே கல் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று சொல்லாது. விரல் மொத்தத்துக்கு ஒரு ஓடு, அதற்குப் பின்னால் வெறும் பொந்து. விரியும் போல்டை அதில் போட்டு இறுக்கினால் கவ்வுவதற்குக் கல் இல்லாமல் அந்த மெல்லிய ஓட்டுப் பகுதியை நொறுக்கிக்கொண்டு நிற்கும். மேலே ஒட்டியிருக்கிற டைல்ஸ் பிடித்துக்கொள்வதால் வெளிப்பார்வைக்கு உறுதியாகவே தெரியும், ஒரு ஆள் அதை நம்பி இழுக்கும் வரைக்கும். சிவப்புத் தூள் என்றால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: டிரில் போகிற போக்கில் திடீரென்று உள்ளே பாய்ந்ததா? இருபது வருடமாகக் கேட்டு வருகிற கேள்வி. அன்றைக்குப் பிரசங்கத்தில் அதை விழுங்கிவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் அதற்கு மட்டும்தான் அடி, இங்கே விழப்போவது அண்ணன்.

நட்டநடு மத்தியானத்தில் கடை ஷட்டரை இழுத்து மூடினேன். எதிர்க்கடைக்காரர் யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடி வந்தார். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கதவைத் திறந்த நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று வருடத்தில் இளைத்துத் துரும்பாகியிருந்தார். அவருக்குப் பின்னால் முன்னறையில் அந்தக் கண்ணாடி பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது, அதில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"என்ன, கண்ணாடி விழுந்துடுச்சான்னு பார்க்க வந்தியா?"

அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பாத்ரூமுக்குள் போனேன். கருவிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்த பிளம்பருக்கு என்னைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. யாருடைய வீடு என்று சொல்லக் கூடாது என்பது இந்த வீட்டம்மாவின் உத்தரவு என்று அவராகவே உளறினார். தொங்கிப் பார்த்தீரா என்று கேட்டேன். மேலிருந்து அழுத்திப் பார்த்தாராம், அசையவில்லையாம். டிரில் திடீரென்று உள்ளே பாய்ந்ததா என்று கேட்டேன். பாய்ந்தது, புது பிட் என்பதால் என்று நினைத்தேன் என்றார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

டாய்லெட் மூடியைப் போட்டு உட்கார்ந்தேன். கம்பியைப் பிடித்து முதலில் கீழ்நோக்கி அழுத்தினேன். கல்லு மாதிரி நின்றது. வாசலில் நின்ற நாத்தனார் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. பிறகு, எழுந்திருக்கிற ஆள் எப்படி இழுப்பாரோ அப்படி, உடம்பைப் பின்னால் சாய்த்து முழு பாரத்தையும் என் பக்கமாக இழுத்தேன். சடசடவென்று ஒரு சத்தம். மூன்று டைல்ஸ், கைநிறையச் சிவப்பு ஓடு, ஆறு போல்ட், எல்லாவற்றோடும் கம்பி என் மடியில் வந்து விழுந்தது. நான் தரையில் கிடந்தேன். முழங்கை தொட்டியில் இடித்துக் கண்ணில் பூச்சி பறந்தது.

சுவரில் இரண்டு பொந்து, எலி குடியிருக்கலாம் போல.

நாத்தனார் என்னைத் தூக்கிவிடக் கை நீட்டவில்லை. அந்தப் பொந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். என் இடத்தில் அண்ணன் கிடப்பதைத்தான் பார்க்கிறார். நான் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"தப்பு பிளம்பருது இல்ல, அண்ணி. என்னுது. நான்தான் பார்த்தேன், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கேட்க வேண்டியதைக் கேட்கல."

என்னைக் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"ஊர்ல வேற கடை இல்லாமலா உன் கடைக்கு அனுப்பினேன்? நீ திட்டினாலும் திட்டுவே, தப்பா மட்டும் கொடுக்க மாட்டேன்னு நம்பி அனுப்பினேன்."

அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். மூன்று வருடச் சண்டையில் அவர் ஜெயித்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான். மணி ஒன்று ஆகியிருந்தது, அழுவதற்கு நாலு மணிக்கு மேல் நேரம் உண்டு என்று எழுந்தேன்.

என்ன செய்ய முடியும் என்று இருவருக்கும் சொன்னேன். ஸ்க்ரூவுக்கு வைக்கிற பிளாஸ்டிக் கட்டை இந்தச் சுவரில் சோப்பு டப்பாவுக்கு மேல் எதையும் தாங்காது. பொந்துக்குள் போய் இறக்கையை விரித்துக்கொள்கிற போல்ட் இருக்கிறது, பாத்திர அலமாரிக்குப் போதும், தொண்ணூற்றிரண்டு கிலோ ஆள் திடுக்கென்று இழுத்தால் ஓட்டோடு வரும். சல்லடைக் குழாயைச் செருகி உள்ளே பசையைப் பீய்ச்சி அதில் போல்டை நடலாம், அருமையான வேலை, ஆனால் ஒரு இரவாவது இறுக விடாமல் அதில் நான் ஆளை ஏற்ற மாட்டேன். ஒரு நாள் கழித்து அழைத்து வரலாமா என்று பிளம்பர் கேட்டார். ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு வேறு ஆள் வந்தாயிற்று, இன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்றார் நாத்தனார்.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். சுவரைக் கவ்வுவதையே மறந்துவிட வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் முழுசாகத் துளைத்து, நீளமான போல்டை ஊடுருவ விட்டு, மறுபக்கத்தில் தடித்த இரும்புத் தகடு வைத்து நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். அப்போது கம்பியைப் பிடுங்க வேண்டுமானால் சுவரையே பிடுங்க வேண்டும்.

"அந்தப் பக்கம் எங்க படுக்கையறை," என்றார் நாத்தனார்.

போய்ப் பார்த்தோம். அண்ணன் வருகிறார் என்பதற்காக முந்தின நாள்தான் அவர் தன் கையாலேயே வெள்ளை அடித்து, அதன்மேல் இளநீலம் பூசியிருந்தார். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. கட்டிலில் படுத்தால் கண்ணுக்கு நேரே அந்தச் சுவர். தகடு வருகிற இடத்தைக் காட்டினேன். நாத்தனார் முடியாது என்று தலையை ஆட்டினார். ஆறு வாரமாக ஆஸ்பத்திரி இரும்பையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் வீட்டிலும் இரும்பைப் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டுமா என்றார். நியாயம்தான். நான் அழகைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தகட்டுக்கும் நீலம் அடித்துத் தருகிறேன், ஆனால் மறைக்க முடியாது, நட்டு துருத்திக்கொண்டுதான் இருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். விரலில் கொஞ்சம் நீலம் ஒட்டியது.

"நிச்சயமா தாங்குமா?"

"தாங்கும்."

இந்த ஒரு வார்த்தையில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அந்த உறுதி என் குரலில் இருந்திருக்க வேண்டும். துளையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கட்டிலை அவரே நகர்த்தத் தொடங்கினார்.

என் வீட்டுக்காரரைப் போனில் பிடித்து வெல்டிங் பட்டறைக்கு விரட்டி, ஆறு மில்லிமீட்டர் தகட்டில் நோட்டுப் புத்தக அளவுக்கு இரண்டு துண்டு வெட்டி, அவற்றில் துளைகளும் போட்டு, ஓரத்தைத் தேய்த்து வாங்கி வரச் சொன்னேன். நான் கடையிலிருந்து எட்டு இன்ச் போல்ட் ஆறும், அது நுழைகிற அளவுக்கு இரும்புக் குழாயும் எடுத்து வந்தேன். குழாய் எதற்கு என்றால், பொந்துக் கல்லை இரண்டு பக்கமும் நட்டு வைத்து நெருக்கினால் அப்பளமாக நொறுங்கும். சுவரின் கனத்துக்குச் சரியாகக் குழாயை வெட்டி ஓட்டைக்குள் செருகி, அதற்குள் போல்டை விட்டால், இறுக்குகிற பாரத்தைக் குழாய் வாங்கிக்கொள்ளும். பிளம்பர் இதைக் கேட்டுவிட்டு, இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்றார். மூக்குடைபட்டுப் படித்தேன் என்றேன்.

கம்பியை எந்த உயரத்தில் வைப்பது என்று கேள்வி வந்தது. பழைய இடம் பொந்தாகிவிட்டது, உடையாத பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். பிளம்பர் டேப்பை இழுத்து ஏதோ கணக்குச் சொன்னார். நாத்தனார் அதைக் காதில் வாங்கவில்லை. டாய்லெட்டுக்குப் பக்கத்தில் வந்து, சுவரை ஒட்டி, முழங்காலை மடக்கி, முதுகைக் குனிந்து நின்றார்.

"ஒரு மாசமா இப்படித்தான் நின்னேன். அவர் கை இங்கதான் வரும்," என்று இடது தோளைத் தொட்டுக் காட்டினார்.

பிளம்பர் அந்தத் தோளின் உயரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். நாத்தனாரின் கழுத்தோரத்தில் துணி விலகியிருந்தது. தோள்பட்டை முழுக்கக் கன்றிப்போய், சில இடங்களில் கறுத்து, சில இடங்களில் மஞ்சளாக இருந்தது. அவருடைய உடம்பு நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நாள் என்று நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, பெருக்குவதை நிறுத்திக்கொண்டேன். இந்த மூன்று வருடத்தில் ஒரு நாள் நான் வந்து கதவைத் தட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் பாதி நாளாவது என் தோளைக் கொடுத்திருக்கலாம். எனக்கு வேண்டிய மட்டும் சதை இருக்கிறது.

துளைத்தோம். டைல்ஸ், பூச்சு, ஓடு, பொந்து, ஓடு, பொந்து, ஓடு என்று டிரில் மாடிப்படி இறங்குகிற மாதிரி விட்டு விட்டு இறங்கியது. ஒவ்வொரு தடவை பாயும்போதும் பிளம்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். கடைசியில் மறுபக்கத்து நீலத்தைப் பெயர்த்துக்கொண்டு பிட் வெளியே வந்தது. ஆறு தடவை வந்தது. நாத்தனார் அங்கே பழைய துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். குழாய்கள் போயின, போல்டுகள் போயின, படுக்கையறைச் சுவரில் இரண்டு தகடும் உட்கார்ந்தன. அந்தப் பக்கம் நான் நட்டைப் பிடித்துக்கொள்ள, இந்தப் பக்கம் பிளம்பர் ஸ்பானரால் இறுக்கினார். குழாயில் முட்டியதும் போதும் என்று கத்தினேன். மணி மூன்றரை.

நான் தொங்கினேன். கீழே அழுத்தினேன், பக்கவாட்டில் தள்ளினேன், பின்னால் சாய்ந்து இழுத்தேன், உட்கார்ந்து எழுந்தேன். அசையவில்லை. பிளம்பரை இழுக்கச் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். நாத்தனார் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, தானும் வந்து பிடித்துக்கொண்டார். பொம்பளை இரண்டு பேர், ஆம்பளை ஒருத்தர், மொத்தம் இருநூறு கிலோ, அடுக்களை அளவு பாத்ரூமில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு தேர் இழுப்பது போல இழுத்துக்கொண்டிருந்தோம். வாசலுக்கு வந்த என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாத்தனார்தான் முதலில் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

ஐந்து மணிக்கு முன்னால் அண்ணன் வந்தார். நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. வாக்கரை ஒவ்வொரு அடியாகத் தூக்கி வைத்து முன்னறையைக் கடந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார், நாத்தனாரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எங்கே அந்தக் கம்பி என்றார்.

பாத்ரூம் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்தில் பொந்துகளைச் சிமெண்டால் அடைத்திருந்தோம், ஈரம் காயவில்லை, டைல்ஸ் மூன்று இல்லாமல் பார்க்கக் கோரமாகத்தான் இருந்தது. யார் மாட்டியது என்று கேட்டார்.

"உங்க தங்கச்சி," என்றார் நாத்தனார்.

அண்ணன் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்து ஒரு தடவை உலுக்கினார். உள்ளே போனார். நாத்தனார் பழக்கத்தில் கூடவே போகக் காலை எடுத்து வைத்தார். அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தார், கோபமாக இல்லை. கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

நாத்தனார் கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உள்ளே இருந்து குரல் வந்தது.

"வாசல்ல நிக்காத. போ."

அவர் போனார். படுக்கையறைக்குத்தான் போனார். நான் பின்னாலேயே போனேன், விழுந்தால் ஓடுவதற்கு யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு. உண்மையில் எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. தாங்கும் என்று தெரியும். தெரிந்தாலும் அடித்துக்கொண்டது.

நாத்தனார் நீலச் சுவருக்கு முன்னால் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு தகடுகளின் மேலும் வைத்தார். தகடுகளுக்குப் பெயின்ட் அடிக்க நேரம் கிடைக்கவில்லை, பட்டறையிலிருந்து வந்தபடியே கறுப்பாக இருந்தன. நெற்றியையும் சுவரில் சாய்த்துக்கொண்டார். முன்னறையில் பிளம்பரும் என் வீட்டுக்காரரும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டு நின்றது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் கேட்காதது மாதிரி இருந்தது.

"பிடிச்சிட்டாரு," என்றார் நாத்தனார்.

நான் அவர் கைகளைப் பார்த்தேன். தகடு நகரவில்லை, நட்டு நகரவில்லை. விரல்கள் மட்டும் அழுந்தியிருந்தன. இரும்பு வழியாக ஏதோ வந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியாத ஏதோ. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடது தோள் தானாகவே கீழே இறங்கி, பாரம் வாங்குவது போல நின்றது. பிறகு மெல்ல மேலே வந்தது.

"எந்திரிச்சிட்டாரு," என்றார். கையைத் தகட்டிலிருந்து எடுக்காமலேயே அழத் தொடங்கினார்.